கோபாலசிங்கத்தின் காய்ச்சல்

அத்தியாயம் 14

கனகேஸ்வரி போய் இன்றோடு பத்து நாள். இத்தாலியில், பலெர்மோவின் சீசாப் பகுதியில், அந்த மூன்றாம் மாடி வீட்டில் பத்து நாளாகக் காலையில் புட்டுத்தான். கோபாலசிங்கத்துக்குத் தெரிந்த சமையல் அது ஒன்றே. முதல் நாள் மகள் அபிதா வாய் தவறி, "நல்லாயிருக்கு அப்பா" என்று சொல்லிவிட்டாள். அந்தக் குற்றத்துக்கு இன்றுவரை தின்றுகொண்டிருக்கிறாள்.

ஐம்பத்தொரு வயதில், தனக்காக மட்டும் முதன்முறையாக விமானம் ஏறிய மனுஷி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாளா என்று கவலைப்பட்டவர்களுக்கு ஒரு நிம்மதி. சேர்ந்துவிட்டாள். கல்கத்தாவரை விமானம், பிறகு ரயில், பிறகு பற்றரியில் ஓடும் ஒரு மூன்று சக்கர வண்டி. சாந்திநிகேதன். மரத்தடியில் பாடம் நடக்கும் ஊர். இருபது வயதில் சித்திரம் படிக்க இடம் கிடைத்து, கடிதமும் கைக்கு வந்து, போக முடியாமல் போன ஊர். அந்தப் பழைய கடிதத்தை அபிதா சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்ததையும், தாயைப் பேசவிடாமல் விமான ரிக்கற் போட்டதையும் முன்னமே பார்த்துவிட்டோம்.

ரிக்கற் போட்டதில் ஒரு பிழை நடந்தது. செவ்வாய் பின்னேரம் போய் இறங்கினால் புதன் காலையே வகுப்புகளைப் பார்க்கலாம் என்று தகப்பனும் மகளும் திட்டம் போட்டார்கள். அங்கே வார விடுமுறையே புதன்கிழமைதான். கனகேஸ்வரி அன்று முழுக்க ஆளில்லாத மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மரமெல்லாம் சுகமாயிருக்கு" என்று செய்தி அனுப்பினாள்.

இன்று வியாழன். சனிக்கிழமை அவள் திரும்ப வேண்டும். கோபாலசிங்கம் அதை ஒருவரிடமும் சொல்லாமல் மணிக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தார்.

காலை ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு வந்தது. அங்கே பதினொன்றரை.

"இஞ்சாருங்கோ, என்ரை குரல் கேக்குதே?"

"கேக்குது, கேக்குது. சாப்பிட்டனீரோ?"

"சாப்பாடு கிடக்கட்டும். இதைப் பாருங்கோ."

ரெலிபோன் திரும்பியது. ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய மரங்கள். மரத்துக்கு மரம் மஞ்சள் உடுப்புப் போட்ட பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். எங்கோ ஒரு மணி அடித்தது. பிள்ளைகள் எழும்பி, ஆளுக்கொரு சின்னப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தார்கள்.

"பாத்தீங்களே? மணி அடிச்சா வாத்தியார் அசையிறேல்லை. பிள்ளையள்தான் மரம் மாறுகினம்."

"நீர் ஏன் வெளியிலை நிக்கிறீர்?"

"பள்ளிக்கூட நேரத்திலை வெளியாக்களை விடமாட்டினம். நான் தேத்தண்ணிக் கடை வாங்கிலை இருந்து பாக்கிறன். கடைக்காரனுக்கு என்னை நல்லாத் தெரியும் இப்ப."

அவள் சிரித்தாள். கோபாலசிங்கம் அந்தச் சிரிப்பைக் கவனித்தார். இருபத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் கேட்ட சிரிப்பு அல்ல அது. அதற்கு முந்தியது. பாடசாலை விட்டு சைக்கிளில் வரும்போது, அவருடைய சைக்கிள் கடையைத் தாண்டிப் போன சிரிப்பு.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்தி, தொண்டையைச் செருமினாள்.

"ஒரு விசயம். நான் இருக்கிற வீட்டுக்குப் பக்கத்திலை ஒரு பிள்ளை சித்திரம் படிப்பிக்கிறாள். எங்கடை அபிதாவை விட நாலஞ்சு வயசு கூட இருக்கும். தன்ரை முற்றத்திலை, மாமரத்துக்குக் கீழை வைச்சு. வெளியாக்களுக்கு மூண்டு மாதப் பாடம். வயசு கேக்கிறேல்லையாம்."

"ம்."

"சனிக்கிழமை தொடங்குது. மாசியிலை முடியுது. ஒரு இடம் இருக்காம். இண்டைக்கு ஆறு மணிக்குள்ளை சொல்லட்டாம்." பிறகு அவசரமாக, "நான் சும்மா சொல்லுறன். உங்களுக்கு என்ரை சிஞ்ஞோரா வீட்டு வேலையும் பாத்து, பின்னேரம் உங்கடை வேலைக்கும் ஓடி... அது எனக்குத் தெரியாதே. கேட்டுப் பாப்பம் எண்டுதான்" என்றாள்.

மூன்று மாதம். பத்து நாளையே கோபாலசிங்கம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கடத்தியிருந்தார். ஓம் என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"எனக்கு நேற்றிலையிருந்து உடம்பு ஒரு மாதிரிக் கிடக்கு. காய்ச்சல் போலை."

வேலிக்குப் பின்னால் பிள்ளைகள் ஏதோ ஒருமித்துச் சொல்லும் குரல் கேட்டது.

"காய்ச்சலோ?" என்றாள்.

"ஓம். மேலெல்லாம் உளைவு."

"அப்ப நான் சனிக்கிழமை வாறன். நீங்கள் யோசியாதேங்கோ. மல்லி அவிச்சுக் குடியுங்கோ. பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறன், எப்பிடியிருக்கெண்டு சொல்லுங்கோ."

ஏன், எதற்கு, மருந்து எடுத்தீர்களா, ஒன்றும் இல்லை. முப்பத்தொரு வருடம் காத்திருந்து கேட்டதை ஒரு நொடியில் மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

அபிதா புட்டுக் கோப்பையை மேசையில் வைத்தாள். எழும்பி வந்து தகப்பனின் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"எங்கை காய்ச்சல்?"

"உள்காய்ச்சல் பிள்ளை."

"மா டாய், பப்பா! கதை விடாதேங்கோ!" கோபம் வந்தால் அவளுக்கு பலெர்மோ தெருவின் இத்தாலியனே வாயில் வந்துவிடும். "இப்பதான் ரெண்டாந்தரம் புட்டுப் போட்டுச் சாப்பிட்டனீங்கள். காய்ச்சல்காரன் ரெண்டு கோப்பை சாப்பிடுவானோ?"

கோபாலசிங்கம் வேலைக்குப் போகச் சப்பாத்தைத் தேடினார்.

"ரிக்கற்றை மாத்துறதெண்டால் இண்டைக்கு ஒரு மணிக்குள்ளை மாத்தோணும். அதுக்குப் பிறகு அந்தக் காசும் இல்லை, சீற்றும் இல்லை. அம்மாவின்ரை இந்திய விசாவுக்குப் பிரச்சினையில்லை, இத்தாலியிலை இருக்கிற பெர்மெஸ்ஸோவுக்கும் பிரச்சினையில்லை. நீங்கள் ஒராள்தான் பிரச்சினை. பன்னிரண்டு மணிக்கு நான் சிஞ்ஞோரா வீட்டை வருவன். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"என்னத்தைச் சொல்லுவாய்?"

"உங்களுக்குக் காய்ச்சல் இல்லை எண்டு."

பஸ் வந்தது. அவருக்கு இருக்க இடமும் கிடைத்தது. ஆனால் இருக்கப் பிடிக்கவில்லை.

இந்த ஊரில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு வேலை செய்கிறவர் ஊருக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமென்றால் வேலையை ஆளில்லாமல் விட்டுப் போவதில்லை. விட்டால் அடுத்த கிழமை வேறு யாரோ அந்த வீட்டுக் கதவுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே தமக்கை போனால் தங்கை, மனைவி போனால் கணவன். "இடத்துக்கு நிக்கிறது" என்பார்கள். கனகேஸ்வரி இருபத்தொரு வருடமாக வேலை பார்க்கும் கால்சாப் பகுதி வீட்டில் இப்போது இடத்துக்கு நிற்பவர் கோபாலசிங்கம். காலை எட்டு முதல் ஒரு மணிவரை அங்கே. பின்னேரம் ஆறு மணிக்குத் துறைமுகப் பக்கத்து ரெஸ்ரோரண்டில் தன்னுடைய கோப்பை கழுவும் வேலை.

ஒருவர் போக இன்னொருவர் நிற்பது. இது அவருக்குப் புதிது அல்ல. பஸ்ஸில் அவரை நிம்மதியாக இருக்கவிடாததும் அதுதான்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதென்றால் அப்போது ஊரை ஆண்ட இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுக்க ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவரைத்தான் பிடிப்பார்கள். கனகேஸ்வரிக்குத் தகப்பன் இல்லை. தமையன்மார் வெளிநாட்டில். கொழும்புக்கு வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தால் இந்தியாவுக்கு அனுப்புவோம் என்று கடிதம் வந்திருந்தது. அவள் அத்தான் முறையான கோபாலசிங்கத்திடம் வந்தாள்.

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வருவீங்களோ, அத்தான்?"

"வாறன்" என்றார்.

அவர் போகவில்லை. கனகேஸ்வரி கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒன்பதிலிருந்து நாலுவரை பாஸ் ஒப்பீஸ் வாசலில் நின்றாள். பின்னேரம்தான் சேதி போனது: கோபாலசிங்கத்துக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. இரண்டு வருடம் கழித்து, இடம்பெயர்ந்த இடத்தில், ஒரு பிள்ளையார் கோயிலில் வைத்து அவளுக்குத் தாலி கட்டினார்.

பிணை நின்றதற்காகத் தன்னைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து போகாமல் இருந்திருந்தால்கூடப் பொறுக்கலாம். பயம் அதுவல்ல. அவள் அந்த ஊருக்குப் போனால் திரும்பி வரமாட்டாள் என்ற பயம். இருபத்தைந்து வயதில் அவருக்கு அவளைத் தவிர வேறு ஆசை இருக்கவில்லை.

அந்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்கு எண்பத்து நாலு வயது. முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் கூர்மை. கோபாலசிங்கம் போட்ட கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"கனா எப்போது வருகிறாள்?" என்று இத்தாலியனில் கேட்டார். கனகேஸ்வரி அவர் வாயில் கனா. பத்து நாளாக இதே கேள்வி.

"சனிக்கிழமை, சிஞ்ஞோரா."

"கடவுளுக்கு நன்றி."

இன்று கட்டில் விரிப்புகள் மாற்றும் நாள். எந்த விரிப்பு எந்தத் தட்டில் என்று பார்க்க, கனகேஸ்வரி வேலைக் குறிப்புகளோடு விட்டுப்போன நீலக் கொப்பியை எடுத்தார். இதுவரை அவசரத்துக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியவர், இன்று முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். கொஞ்ச நேரத்துக்குத் தான் எதைத் தேடினார் என்பதே மறந்துபோனது.

கொப்பியில் எழுத்து குறைவு. எல்லாம் சித்திரமாகக் கீறியிருந்தாள். அலுமாரியின் உட்புறம், தட்டுத் தட்டாக. விரிப்பை மடிக்கும் நாலு கைகள். மருந்துப் பெட்டியில் காலைக் குளிசை, மத்தியானக் குளிசை. சிஞ்ஞோராவின் காலுக்குக் கீழே வைக்கும் சின்ன முக்காலி, அதன் ஒரு கால் கட்டை என்பதுகூடத் தெரிந்தது. சாதாரண நீலப் பேனையால் கீறியது. கையை வைத்தால் முக்காலி ஆடும் போல இருந்தது.

இருபத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு கோடு கீறி அவர் பார்த்ததில்லை. கீறுகிறீரா என்று அவர் கேட்டதும் இல்லை.

கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பினார். அங்கே ஒரு மரம். குசினி யன்னலைத் திறந்தால் பியாச்சா மரீனாச் சதுக்கத் தோட்டத்தில் தெரியும் அந்தப் பெரிய மரம், ஆலமரத்தின் ஒன்றுவிட்ட அண்ணன் போல விழுது இறக்கி நிற்குமே, அதுதான். அடுத்த பக்கத்திலும் அதே மரம். அடுத்ததிலும். ஒவ்வொன்றின் கீழும் திகதி. முதலாவது பதினாறு வருடம் பழையது. எல்லா மரத்தடியிலும் சின்னச் சின்ன உருவங்கள் வட்டமாக இருந்தன. கோபாலசிங்கம் யன்னலால் எட்டிப் பார்த்தார். மரத்தடியில் ஒருவரும் இல்லை.

"கோப்பி கொதிக்கும்வரைக்கும் கீறுவாள்," பின்னால் சிஞ்ஞோராவின் குரல் கேட்டது. ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். "காஸ் வீணாகிறது என்று நான் கத்துவேன். நீ இதையெல்லாம் பார்த்ததில்லையா?"

"இல்லை, சிஞ்ஞோரா."

"உன் வீட்டில்தானே இருக்கிறாள்?"

கோபாலசிங்கம் விரிப்புப் பக்கத்தைத் தேடுவது போல ஒற்றைகளைப் புரட்டினார். விரிப்புக்கு அடுத்த பக்கத்தில் ஒரு காய்ச்சல்மானி கீறியிருந்தது. அதன் கீழே அவளுடைய உருண்டைக் கையெழுத்து:

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரேத்தோத் தெருவில் இருக்கிற எங்கள் ஊர் றோசமலரைக் கூப்பிடவும். சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குச் சொல்ல வேண்டாம்."

கோபாலசிங்கம் அதை மூன்று தரம் வாசித்தார். தலைவலி வந்தால் என்று எழுதவில்லை. கால் சுளுக்கினால் என்று எழுதவில்லை. அந்த மனுஷன் பத்து வருடமாகக் காய்ச்சலில் படுத்தது கிடையாது. ஒரு விரிப்பை எடுத்துக்கொண்டு சிஞ்ஞோராவின் அறைக்குப் போனவர், அதை மார்போடு பிடித்தபடி அப்படியே கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். சிஞ்ஞோராவின் கட்டிலில் வேலைக்காரர் இருப்பது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. சிஞ்ஞோரா பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அபிதா மடிக்கணினியோடு படியேறி வந்தாள். சிஞ்ஞோராவின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டு, குசினி மேசையில் கணினியைத் திறந்து வைத்தாள். விமான ரிக்கற் பக்கம்.

"சொல்லப் போறீங்களோ?"

"இரு பிள்ளை."

"நேரமில்லை அப்பா."

ரெலிபோன் அடித்தது. அங்கே நாலரை மணி. மரங்களில் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டாயிற்று போல. கனகேஸ்வரி வேலிக்கு உள்ளே நின்றாள்.

"இப்ப எப்பிடியிருக்கு? மல்லி குடிச்சனீங்களே?"

"காய்ச்சல் இல்லை," என்றார் கோபாலசிங்கம்.

"விட்டிட்டுதோ?"

"இல்லை. வரவேயில்லை. காலமை பொய் சொன்னனான்."

அபிதா கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். இவ்வளவுதான் அவள் எதிர்பார்த்தது. தகப்பன் நிறுத்தவில்லை.

"அண்டைக்கும் காய்ச்சல் இல்லை, கனகேஸ். பாஸ் ஒப்பீசுக்கு நான் வேணுமெண்டுதான் வரேல்லை. நீர் போனால் திரும்பி வரமாட்டீர் எண்டு பயம். இண்டைக்கும் அந்தப் பயம்தான். நீர் இல்லாமல் எனக்கு ஏலாது. அதுக்காக நான் செய்தது சரியெண்டில்லை."

"கே கோசா?" என்னது என்று அபிதா இத்தாலியனில் முணுமுணுத்தாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. காய்ச்சல் என்றுதான் அம்மா எப்போதும் சொல்லியிருந்தாள்.

திரையில் கனகேஸ்வரியின் முகம் போய்விட்டது. ரெலிபோனைத் தரையில் வைத்துவிட்டாள் போல. மேலே கிளைகள் மட்டும் தெரிந்தன. இலைகளுக்கு இடையில் வானம். கோபாலசிங்கம் அந்தக் கிளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருடத்துக்கு முன் அவள் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டிய கிளைகள்.

பிறகு கிளைகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"அண்டைக்குப் பின்னேரம் நான் உங்கடை வீட்டை வந்தனான்."

"ஓம். அம்மா சொன்னவ."

"மாமிக்குத் தெரியாத ஒண்டு இருக்கு. உள்ளுக்கு வரமுதல் நான் வேலிக்கு மேலாலை பாத்தனான். நீங்கள் கிணத்தடியிலை நிண்டு தலை முழுகிக்கொண்டு நிண்டனீங்கள்."

காய்ச்சல்காரன் எங்கள் வீடுகளில் கிணற்றடிப் பக்கமே போகமாட்டான். போக விடமாட்டார்கள். தலையில் ஒரு கை தண்ணீர் பட்டாலே ஊர் கூடிப் பேசும்.

"அப்ப... தெரிஞ்சுகொண்டோ என்னைக் கட்டினனீர்?"

"ஓம்."

"இவ்வளவு காலமும் ஒரு வார்த்தை கேக்கேல்லையே."

"நீங்கள் சொல்லோணும் எண்டு இருந்தனான். ஒவ்வொரு வருசமும் நினைப்பன், இந்த வருசம் சொல்லுவார் எண்டு."

"ஏன் கனகேஸ்? ஏன் என்னைக் கட்டினனீர்?"

அவள் ரெலிபோனைத் தூக்கினாள். முகம் வந்தது. அழுதிருந்தாள். கோபம் இருந்ததா இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரியாத முகம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அதை இப்ப ரெலிபோனிலை சொல்லேலாது," என்றாள். "அபிதா நிக்கிறாளே?"

"நிக்கிறன் அம்மா."

"ரிக்கற்றை மாத்து பிள்ளை."

கோபாலசிங்கம் குரலை நேராக்கிக்கொண்டார். "மாத்து. நான் இடத்துக்கு நிக்கிறன். மாசி முடியுமட்டும் நிப்பன். சிஞ்ஞோராவிட்டை நான் கதைக்கிறன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

அபிதாவின் விரல்கள் ஓடின. "அம்மா, எந்தத் திகதிக்குப் போட? மாசி கடைசியோ? இருபத்தெட்டுப் போடட்டே?"

எங்கோ மணி அடித்தது. கனகேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, திரையைப் பார்த்தாள். மகளை அல்ல, கணவனை.

"திகதி போடாமல் விடலாமோ?"

அபிதா கையை எடுத்துவிட்டாள். "விடலாம். ஒரு வருசத்துக்குள்ளை எப்ப வேணுமெண்டாலும் வரலாம். ஆனா அம்மா..."

"அப்பிடியே விடு. நான் அந்தப் பிள்ளையிட்டைப் போய்ப் பேர் குடுக்கோணும். இருட்டமுதல் போறன்."

அழைப்பு நின்றது.

அபிதா தகப்பனைப் பார்த்தாள். கணினியில் ஒரு சின்னக் கட்டம் வெறுமையாகத் துடித்துக்கொண்டிருந்தது: திரும்பும் நாள். நேரம் பன்னிரண்டு முப்பத்தைந்து.

"அப்பா, நான் என்ன செய்ய?"

கோபாலசிங்கம் மடிக்காமல் விட்ட விரிப்பை எடுத்தார். கொப்பியில் இருந்த நாலு கைகளைப் பார்த்து, மூலையோடு மூலை வைத்தார்.

"அம்மா சொன்னமாதிரியே செய் பிள்ளை."

அவள் பொத்தானை அழுத்திய சத்தம் கேட்டது.

உள்ளறையிலிருந்து ஊன்றுகோல் தட்டிக்கொண்டு வந்தது. "என்ன நடந்தது? சனிக்கிழமைதானே? கனா எப்போது வருகிறாள்?"

பத்து நாளாகச் சொன்ன சனிக்கிழமை இப்போது இல்லை. கோபாலசிங்கம் விரிப்பின் கடைசி மடிப்பைக் கையால் தடவி நேராக்கினார்.

"சி சோனோ யோ, சிஞ்ஞோரா," என்றார். "நான் நிற்கிறேன்."